எஞ்சின் நிற்காத இரவு

ஆற்றோரப் பூங்காவில் கிறிஸ்துமஸ் விளக்கு அலங்காரம் பார்க்க மகளுடன் போயிருந்தேன். வெளிச்ச மான்களுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. டீசல் வாடை வந்ததும் நின்றுவிட்டேன்.

மலேசியாவின் சிம்பாங் ரெங்கம் பக்கம், நான் சிறுமியாக வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் இரவு பத்து மணிக்கு மின்சார எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன் பல்பு ஒருமுறை மங்கி எரியும். உடனே அம்மா எழுந்து பாய் விரிப்பார். அப்பா விடியலில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கப் போவதற்கான தலைவிளக்கை எடுத்து வாசற்படியில் வைப்பார்.

ஒருநாள் பல்பு மங்கவே இல்லை. காலையில் வேலைக்குப் போன அப்பாவை மாலையில் தூக்கி வந்து முன்னறையில் கிடத்தியிருந்தார்கள்.

“சாவு வீடு, விடிய விடிய எஞ்சின் ஓடட்டும்னு தொரை சொல்லிட்டாரு,” என்றார் பக்கத்து வீட்டு மாமா.

லயத்து வரிசை வீடுகள் முழுக்க வெளிச்சம். நானும் தம்பியும் சுவரில் நிழல் காட்டி விளையாடினோம். யாரும் அதட்டவில்லை. அம்மா அழவும் இல்லை. பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார், அது மங்கினால் எழுந்து பாய் விரிக்கலாம் என்பதுபோல.

“அம்மா, போட்டோ எடுக்கலாம் வாங்க லா. பத்து மணிக்கு லைட்ட அடைச்சிருவாங்க,” என்றாள் மகள்.

“அடைக்கட்டும்மா,” என்றேன். விளக்குகளை அணைக்கும்வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.