பெனியமினாவின் நீண்ட ஜெபம்

சவாயி தீவின் அந்தக் கடற்கரை ஊரில் பெனியமினா அளவுக்கு மன்னித்தவர் எவருமில்லை. சபையின் மூப்பர், பாடகர் குழுவின் தலைவர். ஒத்திகைக்கு வராதவன், பன்றியை அவிழ்த்துவிட்டுத் தோட்டத்தை நாசமாக்கியவன் என்று எல்லோரையும் ஞாயிறு ஆராதனைக்கு முன்பே மன்னித்து முடித்துவிடுவார். பெரிதாக யாரும் அவருக்கு எதுவும் செய்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஐம்பத்தெட்டாவது வயதில் செய்தார்கள். பக்கத்து ஊர் செமிசி குடித்துவிட்டு வண்டியோட்டி, அவருடைய தம்பி இயோசெஃபோவை மோதிக் கொன்றான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், விடியும்போதே வந்துவிட்டார்கள். செமிசியும் அவன் குலத்தலைவர் கிழவர் ஆசோமுவாவும் பெனியமினா வீட்டு முற்றத்தில் மண்டியிட்டு, தங்கள் குடும்பத்தின் மிகச் சிறந்த பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டார்கள். பின்னால் உறவினர்கள் தலைகுனிந்து உட்கார்ந்தார்கள். இதற்கு இஃபோகா என்று பெயர். செத்தவன் வீட்டுப் பெரியவர் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால், கத்தியோடு நிற்கிறவனை யாரும் தடுக்கமாட்டார்கள்.

கத்தியோடு நின்றவன் தம்பி மகன் தானியேலு. முப்பது வயது.

"பெரியப்பா, ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

"மொதல்ல காலை ஜெபம்," என்றார் பெனியமினா.

அந்த ஊர் வழக்கப்படி தூண்கள் மட்டுமே தாங்கிய, சுவரில்லாத வீட்டில் முற்றத்தைப் பார்க்காததுபோல் உட்கார்ந்திருக்கத் தனித்திறமை வேண்டும். அவருக்கு இருந்தது. ஆறு சரணப் பாட்டை ஆறு சரணமும் பாடவைத்தார். இருப்பதிலேயே நீளமான சங்கீதத்தை வாசித்தார். கடலில் போகிறவர்கள், ஆக்லாந்துக்கு வேலைக்குப் போனவர்கள், அவர்களுடைய சம்பந்திகள் எல்லோருக்காகவும் ஜெபித்தார். வெயில் முற்றத்துக்கு வந்து பாயின் மேல் ஏறியது.

மனைவி ஃபெத்தூ குனிந்த தலை நிமிராமல் கிசுகிசுத்தாள். "ஆக்லாந்துல ஒன் சித்தி மவன் நாய் ஒண்ணு இருக்கே, அத விட்டுட்டியே."

"நான் பழிவாங்கல. ஜெபம் பண்றேன்."

"தெரியுது. தானியேலு வெட்டுனா ஒரே வெட்டு. நீ வெயில்ல வேகவைக்கிற."

அவர் கடைசி ஜெபத்துக்கு வந்தார், எல்லோருக்கும் மனப்பாடமான ஜெபம். பிறர் செய்த தீங்கை நாங்கள் பொறுப்பதுபோல் எங்களையும் பொறும் என்று கேட்கிற வரியை நாற்பது வருஷமாக ஓட்டமாகச் சொல்லிக் கடந்தவர், இன்று அதில் நின்றுபோனார். மறுபடி ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றது. பாய் அங்கே கிடக்கும்போது இந்த வரியைச் சொன்னால், என்னைப் பொறுக்காதேயும் என்று தானே எழுதிக் கொடுப்பதாகும்.

வெளியே கிழவர் இருமினார்.

பெனியமினா ஆமென் சொல்லாமலே எழுந்தார். அந்த ஊரில் அப்படி யாரும் எழுந்ததில்லை.

தானியேலு குறுக்கே வந்தான். "எங்கப்பா இதுக்கு ஒத்துக்குவாரா?"

"மாட்டான். பாட்டுல சுருதி தப்புதுன்னு நான் சொன்னதுக்கே என்கூட ஒரு வருஷம் பேசாதவன். தள்ளு, மவனே."

"முடியாது பெரியப்பா."

"எனக்கும் முடியலடா. அதான் இவ்வளவு நேரம்."

தானியேலு அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டடி விலகி, முதுகைத் திருப்பிக்கொண்டான்.

பெனியமினா பாயை எடுத்தார். உள்ளே அனல். செமிசியின் முகம் அழுது வீங்கியிருந்தது. பெனியமினா சொல்வதற்கு வைத்திருந்த அழகான வசனம் எதுவும் வாயில் வரவில்லை.

"எந்திரி. உள்ள வா."

ஆசோமுவாவால் எழ முடியவில்லை. முழங்கால் மரத்துப் போயிருந்தது. பெனியமினா கைகொடுத்தார்.

"மூப்பரே, ஒங்க ஜெபம் கொஞ்சம் நீளம்."

"ஆமாய்யா. வேணும்னேதான் இழுத்தேன். அதுக்கு நீங்க என்னை மன்னிக்கணும்."

கிழவர் அவர் தோளைப் பிடித்தபடி தலையசைத்தார்.

உள்ளே ஃபெத்தூ எல்லோருக்கும் கொக்கோ ஊற்றினாள். தானியேலு வெளியிலேயே நின்றான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. செமிசி கோப்பையை வாங்கிப் பக்கத்தில் வைத்தான். கை மடியில் விரிந்து கிடந்தது. வண்டியை ஓட்டிய கை. அதைப் பார்க்கப் பெனியமினாவுக்குப் பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே, வெந்த சேப்பங்கிழங்குத் துண்டொன்றை அந்தக் கையில் வைத்தார்.