ரோஸ்லின் மதராஸை விட்டு வந்த காரணம்

மதராஸ் ஒத்துக்கொள்ளாமல் மூன்றே மாதத்தில் ஊர் திரும்பியவள் என்று ரோஸ்லினைப் பற்றி அவளுடைய அடக்கத்தன்று அவள் ஊரான உவரியில் நான்கு பேர் சொல்லக் கேட்டேன். அவளிடம் தட்டச்சு படித்தவர்கள் சேர்ந்து கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு வந்திருக்கும் மற்ற கட்டுரைகளிலும் அப்படித்தான் இருக்கிறதாம். அது தவறு. அவளுக்கு மதராஸ் நன்றாகவே ஒத்துக்கொண்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இதைத் திருத்தாமல் இருந்தவள் நான். இப்போது திருத்துகிறேன்.

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. ரோஸ்லினின் தம்பி சேவியருடைய பேத்தி அனிஷா பாளையங்கோட்டையில் என் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஆச்சி, ரோஸ்லின் ஆச்சி காலையில எந்திரிக்கல" என்றாள். சொன்னதற்கு நன்றி என்று சொல்லி வைத்தேன். அடுப்பில் குக்கர் இருந்தது. மூன்று விசில் வரும்வரை பக்கத்தில் நின்று அணைத்துவிட்டு, நல்ல வெள்ளைப் புடவை ஒன்றை எடுத்து வைத்தேன். அழவில்லை. இன்றுவரை அழவில்லை. அதற்குக் காரணம் என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது, பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் சேவியர் பேசிக்கொண்டிருந்தார்.

"அக்கா எம்புட்டு தைரியசாலி! அவளுக்கே மெட்ராஸ் ஒத்துக்கல. இந்தப் பொட்டப்புள்ளய எந்த நம்பிக்கையில நான் அங்கன அனுப்புவேன்?"

அனிஷா பொறியியல் முடித்தவள். சென்னையில் ஒரு நிறுவனத்தின் வேலை உத்தரவு அவள் கையில் இருக்கிறது. அடுத்த மாத முதல் வாரம் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். தேநீர்த் தட்டை வைத்துக்கொண்டு நின்றவள் என்னிடம் குனிந்து, "நீங்க கூட இருந்தவங்கதான ஆச்சி, தாத்தாட்ட சொல்லுங்க" என்றாள். இது அதற்கான இடமில்லை என்றேன். தேநீரை எடுத்துக்கொண்டேன்.

ரோஸ்லினும் நானும் பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில் படித்தோம். நான் வக்கீல் மகள். முதல் வகுப்பு முதல் கான்வென்ட்டில் வளர்ந்தவள். அவள் கடலில் மீன்பிடிக்கும் வள்ளக்காரர் மகள். ஊர்ப் பள்ளியில் படித்து வந்தவள். தட்டச்சுத் தேர்வில் இருவரும் தேறினோம். மதராஸில் ஓர் அலுவலகத்தில் இருவருக்கும் தற்காலிக வேலை கிடைத்தது. நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன் என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் சரியல்ல. என் அப்பா என்னை அனுப்பச் சம்மதித்ததே அவள் வந்து பேசியதால்தான். அப்போதும் ஒரு நிபந்தனை போட்டார்: ஒரு புகார் வந்தாலும் மறுநாளே திரும்பிவிட வேண்டும், அம்பாசமுத்திரத்தில் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும்.

எழும்பூரில் இறங்கியபோது நான் டிரங்குப் பெட்டியைப் பிடித்தபடி நடைமேடையிலேயே நின்றுவிட்டேன். அத்தனை கூட்டத்தை நான் பார்த்ததில்லை. அவள் தன் தலையணையை வலைக் கயிற்றால் கட்டித் தோளில் மாட்டியிருந்தாள். நேரே வெளியே போய் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரரைப் பிடித்தாள்.

"இன்னாம்மா, ஊருக்குப் புச்சா?"

"புதுசுதான் அண்ணாச்சி. அதுக்காவ ஊரச் சுத்திக் காட்டாதீங்க. நேர் வழியில போங்க."

"நேர் வயில மேடு கீதும்மா. மிதிக்க முடியாது."

"அப்பம் நீங்க ஏறி உக்காருங்க. நாங்க ரெண்டு பேரும் தள்ளுதோம்."

அவர் சிரித்துவிட்டார். நேர் வழியிலேயே கொண்டுபோய் விட்டார். மேட்டில் ரோஸ்லின் இறங்கி உண்மையாகவே தள்ளினாள். நான் இறங்கவில்லை.

விடுதியில் எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை, தூக்கம் வரவில்லை. அவள் ஒரே வாரத்தில் பேருந்து எண்களை மனப்பாடம் செய்துவிட்டாள். அலுவலகத்தில் அவளுடைய வேகம் யாருக்கும் வராது, எனக்கும் வராது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போவாள். முழங்கால் தண்ணீரில் நின்று கூச்சலிடுகிறவர்களைப் பார்த்து, "இதுக்கா இந்தக் கூப்பாடு? எங்க ஊர்ல கொமரிப் புள்ளைய இதுல துணி அலசுவாளுவ" என்பாள். ஒருநாள், "ஆனா எனக்கு இந்த ஊரு புடிச்சிருக்குளா. இங்கன என்னை யாரும் யாரு மவன்னு கேக்கல" என்றாள். இதை அவள் சொன்ன சொற்களாகவே எழுதுகிறேன். மதராஸ் ஒத்துக்கொள்ளாதவள் பேசும் பேச்சல்ல இது.

மூன்றாவது மாதம் எங்களை நிரந்தரமாக்குவதற்கான படிவம் வந்தது. என் கையெழுத்து அழகு என்பதால் தன்னுடையதையும் என்னிடமே கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். பிறந்த தேதி எழுதும் இடம் வந்தது. பள்ளிச் சான்றிதழில் அவளுக்கு ஜூன் மாதத் தேதி. அந்தக் காலத்தில் ஊர்ப் பள்ளிகளில் சேர வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆசிரியரே ஜூனில் ஒரு தேதி போட்டுக்கொள்வார். உண்மையில் அவள் பிறந்தது உவரித் திருவிழாவின் கொடியேற்றத்தன்று. ஞானஸ்நானச் சான்றிதழை அவளே ஒருமுறை சிரித்துக்கொண்டு காட்டியிருந்தாள். கான்வென்ட்டில் எங்களுக்குக் கற்பித்த முதல் பாடம், கையெழுத்திடும் காகிதத்தில் பொய் இருக்கக் கூடாது என்பது. நான் உண்மையான தேதியை எழுதினேன். அவளிடம் கேட்கவில்லை. ஈரத் தலையோடு வந்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். நான் எழுதியதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

இரண்டு வாரம் கழித்து அதிகாரி அவளை அழைத்தார். படிவத்தில் ஒரு தேதி, பள்ளிச் சான்றிதழில் வேறொரு தேதி. இரண்டில் எது பொய் என்று கேட்டார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாலாவது மேசையில் நான் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. இதை நிரப்பியது நானல்ல என்று அவள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் எழுந்து போய், எழுதியவள் நான் என்று சொல்லியிருக்கலாம். எழவில்லை. தட்டச்சில் இருந்த கடிதத்தை முடித்தேன். அதில் ஒரு பிழைகூட இல்லை. தற்காலிக ஊழியர் என்பதால் விசாரணை எதுவும் இல்லாமல் அந்த வாரமே அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

எழும்பூரில் ரயில் கிளம்ப நேரமிருந்தது.

"நான் நாளைக்குப் போயி சொல்லிருதேன்" என்றேன்.

"என்னத்தச் சொல்லுவ? சொன்னா ரெண்டு பேருமில்லா ரயிலேறணும். அங்க உங்க அப்பா அம்பாசமுத்திரத்துக்காரனத் தயாரா வச்சிருக்காவ. ஒருத்தியாவது இங்கன கெடக்கட்டும்."

"ஊர்ல கேட்டா என்ன சொல்லுவ?"

"தண்ணி ஒத்துக்கலம்பேன். மெட்ராஸ் தண்ணியப் பத்தி என்ன சொன்னாலும் நம்பிருவாவ."

நம்பினார்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. விடுதிக்குத் திரும்பி மறுநாளைக்கான புடவைக்கு இஸ்திரி போட்டேன்.

பிறகு அவள் திருச்செந்தூரில் தட்டச்சுப் பயிலகம் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். உங்களில் பலரை மதராஸுக்கு அனுப்பிவைத்தவள் அவள். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது அவள் வைத்திருந்த முறையும் உங்களுக்கு நினைவிருக்கும்: ஒருத்தி சான்றிதழை உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருத்தி எழுத வேண்டும், மூன்றாவது ஆள் இரண்டையும் ஒப்பிட வேண்டும். "சான்றிதழப் பாத்து எழுதுட்டி, உண்மையப் பாத்து எழுதாத" என்பாளாமே. அதை நகைச்சுவையாக மலரில் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போடட்டும். காரணத்தையும் சேர்த்துப் போடட்டும்.

ஓய்வு பெற்று, கணவரும் போன பிறகு நான் பாளையங்கோட்டைக்கே வந்துவிட்டேன். மாதம் ஒருமுறை ரோஸ்லின் வருவாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் படிவத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவள் தலை நிமிரவில்லை.

"ஏளா, இன்னுமா அத வச்சிக்கிட்டு இருக்க? ரசத்துக்கு உப்புப் பத்தல, அதப் பாரு."

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது அவள் வேறு பேச்சுக்குப் போயிருந்தாள். அதன் பிறகு நானும் எடுக்கவில்லை. அந்த வாய்ப்பு இனி இல்லை.

அவளுடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு புகைப்படம்கூட இல்லை. முப்பத்தாறு ஆண்டு உத்தியோகமும், நானாகத் தேர்ந்துகொண்ட கணவரும், யார் துணையும் இல்லாமல் ஒரு வீட்டில் இருந்துகொள்ளும் பழக்கமும் இருக்கின்றன. இவை அவளிடமிருந்து எனக்கு வந்தவை. வேறொன்றையும் நான் வைத்திருக்கவில்லை.

சேவியர் தம்பி, மலர் அச்சாகி வருவதற்குள் அனிஷாவுக்குக் கொடுத்த நாள் கடந்துவிடும். ஆகவே இதன் நகலை இன்றே உங்களுக்குத் தபாலில் அனுப்புகிறேன். உங்கள் அக்காவை மதராஸ் திருப்பி அனுப்பவில்லை. நான் எழுதிய ஒரு தேதி திருப்பி அனுப்பியது. என் மேல் உங்களுக்குக் கோபம் வரும், அது முறைதான். அந்தக் கோபத்தையும் அந்தப் பெண்ணின் பயணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டாம். தொலைபேசியில் எனக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. அனிஷா அடுத்த மாதம் வேலையில் சேருகிறாளா இல்லையா என்பதை உங்கள் கைப்பட எழுதி எனக்கு அனுப்புங்கள்.