நாலு விரல் மடிப்பு

முன் சக்கரத்துக்கு ஓர் உதை, பின் சக்கரத்துக்கு ஓர் உதை. பிறகு இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு வண்டியை இடுப்பால் ஒரு தள்ளு. வண்டி நகரவில்லை என்றால்தான் சந்திரகலா சாவியைக் கொடுப்பாள். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு ஸ்கூட்டி வாடகைக்கு விடுவது அவள் தொழில். ஆறடி ஆளானாலும் எதிரே நிற்கவைத்து, "நோ ஹெல்மெட், நோ வண்டி. மலை எங்கியும் ஓடிப் போவாது, ஸ்லோவா சுத்து" என்பாள். அந்தத் தமிழ் அவர்களுக்கு எப்படியோ புரிந்துவிடுகிறது. என் ஜெராக்ஸ் கடை அடுத்த கதவு. அவள் குரலைக் கேட்டுத்தான் தினமும் ஷட்டரைத் தூக்குகிறேன். என் காது மந்தமானதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு ஒரே மகள், தேவிப்ரியா. ஆறு வயது. கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி என்றாள். அப்புறம் நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தாள். வேலூருக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுமூளையில் கட்டி. வருகிற புதன்கிழமை ஆபரேஷன். எடுத்துப் பார்த்தால்தான் அது எப்படிப்பட்ட கட்டி, மேற்கொண்டு என்ன என்பதெல்லாம் தெரியுமாம்.

தெருவில் எல்லாரும் இதை 'தலையில ஏதோ...' என்று இழுத்துத்தான் சொல்கிறார்கள். சந்திரகலாவிடம் நேரே கேட்கத் தைரியம் கிடையாது. ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்கிற சாக்கில் என்னிடம் வந்து கிசுகிசுப்பார்கள். அவள் அங்கிருந்தே கத்துவாள்: "இன்னாத்துக்கு அவரக் கேக்குறீங்க? மூளையில கட்டி. புதன்கெழம எடுக்குறாங்க. உச்சு கொட்டுறதா இருந்தா பஸ் ஸ்டாண்டு பக்கமா போய்க் கொட்டுங்க!" வந்தவர்கள் ஆதாரைக்கூட விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். இப்போது என் மேஜை டிராயரில் மூன்று பேருடைய ஆதார் இருக்கிறது.

போன வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து அவள் நாத்தனார் வந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கொழந்தைக்கு இன்னா இன்னா ஆசையோ எல்லாத்தையும் செஞ்சுடுங்க அண்ணி" என்றாள். வந்ததே கோபம் சந்திரகலாவுக்கு! "ஏன், இன்னா அவசரம்? அடுத்த வருசம் அவ ஆசப்பட மாட்டாளா?" என்று கேட்டுவிட்டு, மகள் தட்டில் ஒதுக்கி வைத்திருந்த கீரையை ஒரு வாய் விடாமல் ஊட்டி முடித்தாள். ஊரே பூப்போலத் தாங்குகிற பிள்ளையை இவள் ஒருத்திதான் திட்டுகிறாள். நகம் கடிக்காதே, செருப்பை மாற்றிப் போடாதே, கோட்டுக்குள் எழுது. திட்டு வாங்கும்போது அந்தப் பெண் முகத்தைப் பார்க்கவேண்டும். அப்படி ஒரு நிம்மதி அதில்.

ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அம்மாள், நல்ல மனசுதான், நோய் குணமாகட்டும் என்று குழந்தையின் தலைக்குமேல் இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். "மேடம், ஹேண்ட் எடு. தலைக்கு டாக்டர் இருக்கு. நீ மொதல்ல இண்டிகேட்டர் போட்டு ஓட்டு" என்று சொல்லிவிட்டாள் சந்திரகலா.

கணவன் பிரகாஷ் வேன் ஓட்டுகிறவன், வாய் திறந்து பேசாதவன். ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து வெறுங்காலோடு தினமும் கிரிவலம் போகிறான். இவள் தடுப்பதில்லை. "அவரு மலைய சுத்தட்டும், நான் டாக்டர சுத்துறேன். எது பலிச்சாலும் சரி" என்பாள். அவளுக்கும் அண்ணாமலையாருக்கும் இப்போது பேச்சுவார்த்தை கிடையாது. ராஜகோபுரத்தைத் தாண்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். "ஆபரேசன் முடியட்டும், அப்பறமா பேசிக்கலாம்னு சொல்லிட்டேன்." ஆனால் அவள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனவன் நான். அந்த இடத்தில் வேகம் கம்மியாகத்தான் செய்கிறது.

பயமாக இல்லையா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "இல்லாம? சோறு எறங்கல அண்ணே. அதுக்காக, உயிரோட ஓடியாடுற புள்ளைக்கு இப்பவே ஒப்பாரி வெக்கச் சொல்றீங்களா?" என்றாள். அவள் அடுத்த வண்டியின் சக்கரத்தை உதைக்கப் போய்விட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் எதிரே தசரதன் தையல் கடைக்கு என்னையும் கூப்பிட்டாள். மகளுக்கு ஒன்றாம் வகுப்புச் சீருடை தைத்துத் தயாராகியிருந்தது. ஆபரேஷன் முடிந்து, தேறி, எப்போது பள்ளிக்கூடம் போவாளோ தெரியாது. ஆனால் சீருடை இப்போதே வேண்டும் என்று துணி எடுத்துக் கொடுத்திருந்தாள். எல்.கே.ஜி.யிலிருந்து அவளுக்குத் தைக்கிறவர் தசரதன். பிள்ளை நீலப் பாவாடையைப் போட்டுக்கொண்டு நின்றது. முட்டிக்குக் கீழே கச்சிதமாக நின்றது பாவாடை. நான்கூட அசடுமாதிரி, "அளவெடுத்த மாதிரி இருக்கே!" என்றேன்.

சந்திரகலா கீழே உட்கார்ந்து பாவாடையின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். அரை விரல் மடிப்பு, அவ்வளவுதான். தசரதன் மிச்சத் துணியை நறுவிசாக மடித்து அவளிடம் நீட்டினார்.

"உள்மடிப்பு எங்க அண்ணே?"

அவர் மிஷின் பக்கம் திரும்பி நூலைச் சரிசெய்தார்.

"வருசா வருசம் நாலு விரல் மடிச்சுத் தைப்பீங்க. வளர்ற புள்ள, அடுத்த வருசம் பிரிச்சு விட்டுக்கலாம்னு நீங்கதான சொல்லுவீங்க? இந்த வருசம் யாரக் கேட்டு வெட்டுனீங்க?"

"தப்பா நெனச்சுக்காதம்மா" என்றார் தசரதன். கண்ணில் நீர் முட்டிவிட்டது. "மடிச்சுத் தெச்சா பாவாடை தூக்கிக்கினு நிக்கும். புள்ள ஒரு நாளாச்சும் அழகா போட்டுக்கட்டும்னுதான்..."

ஒரு நாளாச்சும். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையை வாயில் வைத்துக்கொண்டார். இப்போது கூரை பறக்கும் என்று நான் கதவோரமாக ஒதுங்கினேன்.

அவள் கத்தவில்லை. எழுந்து, அவர் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவினாள். ஒரு முனையை மகளின் இடுப்பில் வைத்து, "ஆடாம நில்லுடி" என்று மறுமுனையை இறக்கினாள். டேப் முட்டியைத் தாண்டியது, கெண்டைக்காலைத் தாண்டியது. கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"புதுசா இதுவரைக்கும் துணி எடுங்க. இப்போதைக்கு முட்டி அளவுக்கு மடிச்சுத் தெச்சுக் குடுங்க. தூக்கிக்கினு நின்னா நிக்கட்டும்."

"கூசுதும்மா!" என்று பிள்ளை நெளிந்து சிரித்தது.

தசரதன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அளவைக் குறித்து முடிக்கும்வரை, சந்திரகலாவின் கட்டைவிரல் அந்தக் கணுக்காலை விட்டு நகரவில்லை.