யோசேப்பு அடித்த விசில்

மைதாப் பசை காயும்போது தோலைக் கவ்விப் பிடித்து இழுக்கும். அதன்மேல் ஒட்டிய பஞ்சு மூக்கில் ஏறித் தும்மல் தும்மலாக வரும். ஊரப்பாக்கத்தில் எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் காட்சியில் நான் ஆடாகப் படுத்திருந்த அந்த வருடத்தை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு முதலில் மூக்குதான் அரிக்கிறது.

அந்த வருடம் சபையில் கைக்குழந்தை இருந்த ஒரே வீடு எங்களுடையது என்பதால், நான்கு மாதத் தம்பி சாமு குழந்தை இயேசு, அம்மா மரியாள், 'நைனா' என்று நாங்கள் கூப்பிடும் அப்பா யோசேப்பு என்று சண்டே கிளாஸ் டீச்சர் முடிவு கட்டிவிட்டார். திரை விலகியதிலிருந்து பாட்டு முடியும்வரை அசையாமல், பேசாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் நடிப்பு. பேசாமல் நிற்பதில் என் பெற்றோருக்கு அப்போது நல்ல பயிற்சி இருந்தது என்பது டீச்சருக்குத் தெரியாது.

நைனா நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டினார். சில வருடங்களாகவே கிறிஸ்துமஸுக்குக் கடப்பாக்கத்துத் தாய்வீட்டுக்குப் போக முடியாமல் ஏங்கிக்கிடந்த அம்மாவிடம், இந்தத் தடவை கட்டாயம் போகிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தவர், பண்டிகையன்று யார் வண்டி எடுப்பது என்று சூப்பர்வைசர் கேட்டபோது மற்ற டிரைவர்களெல்லாம் தரையைப் பார்க்க, இவர் மட்டும் பாவப்பட்டுக் கையைத் தூக்கிவிட்டு வந்துவிட்டார்.

"ஊர்ல இருக்கிறவங்கள எல்லாம் அவங்கவங்க வூட்டாண்ட எறக்கி வுடத் தெரியுது. கட்டினவள அவ அம்மா வூட்டாண்ட எறக்கி வுடத் தெரில," என்று சொன்னதோடு அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பேச்செல்லாம் என் வழியாகத்தான். "உங்க நைனா கைல சொல்லு, சோறு ஆறிகினு கீது," என்பாள் அம்மா. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் நைனா, "பசிக்கலன்னு சொல்லு," என்பார். சற்று நேரத்தில் அவரே தட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா நீலப் பையில் தன் துணிகளையும் எங்கள் துணிகளையும் மட்டும் அடுக்கினாள். காட்சி முடிந்த மறுநாளே எங்களைக் கூட்டிக்கொண்டு கடப்பாக்கம் போய்விடுவாள் என்று புரிந்தது. நைனா இல்லாத கிறிஸ்துமஸை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

காட்சி நடந்த மாலையில், பெட்ஷீட் அங்கியும் நூல் தாடியுமாக நைனா, முக்காடு போட்ட அம்மா, நடுவே வைக்கோல் மேல் சாமு. தரையில் படுத்திருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் யோசேப்பின் ரப்பர் செருப்பும் மரியாளின் மெட்டிக் கால்விரல்களும்தான். இரண்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்தன. பாட்டு பாதியில் இருக்கும்போது வைக்கோல் குத்தி சாமு வீறிட்டான். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அவன் அழுகை பாட்டை மிஞ்சியது. ஓரத்தில் நின்ற டீச்சர் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்தார்.

சாமுவின் அழுகைக்கு எங்கள் வீட்டில் ஒரே மருந்து, குக்கர் விசில். அடுப்படியில் அது கூவினால் போதும், கண்ணை அகல விரித்து அடங்கிவிடுவான். அடுப்பு எரியாத நேரத்தில் நைனாவே பல்லிடுக்கால் அதே மாதிரி அடித்துக் காட்டுவார். யோசேப்பு இப்போது குனிந்தார். நூல் தாடிக்குள்ளிருந்து "உஸ்ஸ்ஸ்... உய்ய்ய்ய்" என்று கிளம்பிய விசில், மைக்கில் பிடிபட்டுக் கோயில் முழுக்கக் கூவியது. சாமு சட்டென்று அழுகையை நிறுத்தினான். பாடகர் குழுவும் பாட்டை நிறுத்திவிட்டது.

அந்த அமைதியில் மரியாளின் குரலும் அதே மைக்கில் எல்லாருக்கும் கேட்டது: "ஒரு விசிலுக்கு இன்னாயா வேவும்?"

சொல்லிவிட்டு அம்மாவே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். கோயிலே சிரித்தது, போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தைரியம் வந்த நைனா இன்னும் இரண்டு அடித்தார். ஆடாகக் கிடந்த நான் மட்டும் சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தேன். அதன்பின் எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன், ஆனாலும் 'பரிசுத்தம்' என்ற சொல் காதில் விழும்போதெல்லாம், அந்தச் செருப்பும் மெட்டியும் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பிய நிமிடம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

நைனாவின் டூட்டி மாறவில்லை. பண்டிகையன்று மதியம் அம்மா அந்த நீலப் பையில் அவருடைய வேட்டி சட்டையையும் திணித்து, பிரியாணித் தூக்கோடும் எங்களோடும் நாவலூர் கம்பெனி கேட்டில் போய் நின்றாள். வேலை முடிந்து காக்கி உடையில் வெளியே வந்த நைனா எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"இன்னா பாக்கற? கடப்பாக்கம் போலாம் வா. இன்னிக்கி நீ வண்டி ஓட்ட வாணாம், சும்மா குந்திகினு வந்தா போதும்."

பஸ் மாமல்லபுரம் தாண்டும்போது நைனா அம்மாவின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அதே கோயிலில் இப்போது ஏசி ஓடுகிறது. வைக்கோலும் மைதாப் பசையும் போய்விட்டன. பெத்லகேம் பெரிய திரையில் தெரிகிறது. குழந்தை இயேசுவின் முன்னணையில் ஆன்லைனில் வாங்கிய பொம்மை கிடக்கிறது, அது அழவே அழாது. போன ஞாயிறு அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் மடியிலிருந்த என் மகள் வீறிட்டாள். பக்கத்திலிருந்த நைனா பழைய ஞாபகத்தில் குனிந்து வாயைக் குவித்தார். முன்பற்கள் விழுந்துவிட்டதால் வெறும் காற்றுதான் வந்தது. அவர் முகம் வாடிப்போனது.

"கேஸ்கட் போயிடுச்சி, நவுரு," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, இத்தனை வருடத்தில் ஒருநாளும் விசிலடித்து நான் பார்த்திராத அம்மா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கோயிலே திரும்பிப் பார்க்க, மூன்று அடித்தாள்.