பெரட்டில் கேட்ட விண்கலம்

போன டிசம்பரில், 1981இல், கேமரன் மலைக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல. ஒருவரைச் சந்தேகிக்க.

எங்கள் வாசகர் வட்டத்தின் அறிவியல் புனைகதைப் போட்டியில் முதலிடத்துக்கு வந்த கதை ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்தது. எழுதியவர் சிவகாமி. கொழுந்து பறிப்பவர். கதையில் ஒரு விண்கலம். உள்ளே எங்கும் புகை. யார் முகமும் தெரியாது. தினமும் வேலைக்கு முன் பெயர் கூப்பிடுவார்கள். பதில் சொன்னவருக்கு மட்டும் அன்றைக்குரிய காற்று. நோயில் கிடக்கும் தாய்க்காக, தாயின் குரலில் மகள் பதில் சொல்கிறாள்.

மூன்று நடுவர்களில் இளையவன் நான். கதையின் ஓரத்தில் "ஆங்கிலத்திலிருந்து எடுத்தது" என்று எழுதியவனும் நான்.

"நீயே போய்க் கேட்டு வா. திங்கட்கிழமை முடிவு அச்சுக்குப் போகணும். சந்தேகம் தீரலைன்னா பரிசு அடுத்த கதைக்கு" என்றார் மூத்த நடுவர்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குக் கோலாலம்பூரில் பஸ். தாப்பா வரை மூன்று மணி நேரம், கட்டணம் ஏழு வெள்ளி, அதாவது ரிங்கிட். அங்கிருந்து தானா ராத்தா அறுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், மூன்று வெள்ளி. முழுக்க வளைவுகள். முன் இருக்கையில் உட்காருங்கள். நான் உட்காரவில்லை. விவரம் வேண்டாம். தோட்டம் இன்னும் எட்டு கிலோமீட்டர். லோரியில் ஏற்றிக்கொண்டார்கள், இலவசம்.

"சிவகாமி அக்காவா?" என்றார் டிரைவர். "பேப்பர் மிச்சம் இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்கும்லா. என் லைசென்ஸ் ஒண்ணுதான் பாக்கி, மத்த எல்லாத்துலயும் எழுதிருச்சு."

சிவகாமிக்கு முப்பது வயதிருக்கும். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் நின்றபடியே கேட்டார்.

"பரிசு குடுக்க வந்தீங்களா, புடிச்சிட்டுப் போக வந்தீங்களா சார்?"

எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தீர்கள் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"காலையில ஆறு மணிக்குப் பெரட்டுக்கு வாங்க. புத்தகத்த அங்க காட்டுறேன்."

தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டில் படுக்க இடம் கிடைத்தது. பெரட்டு என்றால் வேலைக்கு முன் ஆள் கணக்கு எடுப்பது என்று அவர்தான் சொன்னார். நான் படித்த பல்கலைக்கழகத்தில் யாரும் சொல்லவில்லை.

ஆறு மணி. இருட்டு. அதன்மேல் பனிமூட்டம். பக்கத்தில் நிற்பவர் தெரியவில்லை. வேலையை மேற்பார்க்கும் கங்காணி கைவிளக்கோடு நின்று பெயர் கூப்பிட்டார். பனிக்குள்ளிருந்து குரல்கள் மட்டும் வந்தன. வந்த குரலுக்கு அன்றைய கூலி.

"செல்லம்மா."

"இருக்கேன்."

"என்ன செல்லம்மா, குரல் ஒரே ராத்திரியில இருபது வயசு கொறஞ்சிருக்கு?"

"தடுமல் கங்காணி."

எங்கோ சிரிப்பு. மாமியாருக்குக் காய்ச்சல், பதில் சொன்னது மருமகள் என்று பிறகு தெரிந்தது. கங்காணி பெயர்ப் புத்தகத்தில் செல்லம்மா வந்ததாகவே பேனாவால் கோடு இழுத்தார். (தோட்டத்தின் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் இது.)

நான் நின்றுகொண்டிருந்தது அந்த விண்கலத்துக்குள். புகை, பெயர், காற்று. எல்லாம் இங்கேயே இருந்தது.

"யாரு சார் நீங்க?" என்றார் கங்காணி.

சொன்னேன். சிவகாமியின் கதைக்கு முதல் பரிசு என்று. சத்தமாக.

பிறகு ஒரு குரல்: "எவ்வளவு?"

"ஐந்நூறு வெள்ளி."

"அப்ப கதையச் சொல்லட்டும். கேக்காம வேலைக்குப் போறதில்ல."

சிவகாமி கையில் தாள் இல்லை. முதல் வரியிலிருந்து மனப்பாடமாகச் சொன்னார். கதையில் விண்கலத் தலைவன் பெயர்ப் பட்டியலோடு வந்தபோது எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அதற்குள் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது.

"என்னைய ஏன்லா பாக்குறீங்க?" என்றார் கங்காணி. ஆனால் பெயர்ப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அன்று வேலை இருபது நிமிடம் தாமதம்.

ஒன்பது மணிக்குத் தானா ராத்தாவிலிருந்து மூத்த நடுவருக்கு டிரங்க் கால்.

"எந்தப் புத்தகம்?"

"புத்தகமே இல்லை சார். தப்பு என்னுடையது. ஓரத்தில் எழுதியதை அடித்துவிடுங்கள்."

முதல் பரிசு உறுதியானது.

போகிறவர்களுக்கு: டிசம்பரில் கம்பளிச் சட்டை கட்டாயம். கீழே இறங்க மதியப் பஸ் நல்லது. மாலையில் பனி பாதையை மறைக்கும். நான் மதியப் பஸ்ஸை விட்டுவிட்டேன். சிவகாமியிடம் நேரில் சொல்லாமல் இறங்க மனம் வரவில்லை; தோட்டத்துக்கே திரும்பினேன்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் சிவகாமி வரிசையில் நின்றிருந்தார், முதுகில் நிறைந்த கூடை. பரிசு அவருக்கே, இனி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றேன்.

"எனக்குத் தெரியும் சார்" என்றார். "எழுதுனது நான்தானே."