மூன்று விரற்கடைக் குளிர்

அன்ரோனெற் ரீச்சர் தலை நரைத்த பிறகும் படித்துக்கொண்டிருக்கிறார் என்று ஓலைத்தொடுவாய் ஊரில் ஒரு பகிடி உண்டு. மன்னாரில் பௌதிகவியல் படிப்பித்தபடியே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்தவர். பதிந்த கையோடு புருசன் லோறன்ஸ், சான்றிதழுக்கென்று கண்ணாடிச் சட்டம் ஒன்று வாங்கி அலுமாரியில் வைத்தார். பிறகு இரண்டு இடப்பெயர்வு வந்துபோனது. மூன்று தரம் தவணை கேட்டாயிற்று. இந்த வெள்ளிக்கிழமைக்குள் அளவீடு கொடுக்காவிட்டால் பதிவு இரத்து என்று 2003 ஆனியில் கடிதம் வந்தது. வாசித்தபோது ரீச்சருக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு களைப்பு.

ஆராய்ச்சிப் பொருள் குளிசையளவு வில்லை ஒன்றுதான். நாக ஒட்சைட்டு என்ற குறைகடத்தி. அதில் துளி செம்பு. செம்பு போய்க் குந்திய இடம் பளிங்கில் ஒரு குறை. ஊதாக்கடந்த ஒளி பட்டால் அந்தக் குறை பச்சையாக ஒளிரும். மன்னார் வெக்கையில் சுற்றியுள்ள அணுக்கள் ஓயாமல் நடுங்குவதால் அந்தப் பச்சை ஊறிப்போன சாயம் மாதிரித்தான் தெரியும். நன்றாகக் குளிரவைத்தால் கோடு கோடாகப் பிரிய வேண்டும். அதற்குத் திரவ நைதரசன் வேண்டும். பல்கலைக்கழகத்தில் இல்லாத அந்தச் சாமான், நறுவிலிக்குளத்துப் பக்கம் மாடுகளைச் சினைப்படுத்தும் பாலசிங்கத்திடம் இருந்தது. விந்துக் குழல்களை அவர் அதில்தான் உறையவைத்திருந்தார்.

புதன்கிழமை, இரவல் குடுவையோடு ரீச்சர் அவருடைய கால்நடைக் கந்தோருக்குப் போனார். அங்கிருந்து அப்படியே யாழ்ப்பாணம் போவதாக எண்ணம்.

பாலசிங்கம் கொள்கலனுக்குள் மரக்குச்சியை விட்டு எடுத்தார். குச்சியில் வெள்ளையாகப் பனி பிடித்திருந்த உயரம் மூன்று விரற்கடை.

"லொறி ரெண்டு கிழமையா வரேல்ல ரீச்சர். ஆனா தாறன் எண்டு சொன்னது சொன்னதுதான். எடுங்கோ."

"எடுத்தா உங்கட குழலுகள்?"

அவர் குச்சியைத் துடைத்தார். "கதிர்காமுவின்ர மாடு நாளைக்குச் சினைக்கு நிக்குது. இன்னும் பத்து வீடு கேட்டிருக்கு. நான் ஏதும் சொல்லிச் சமாளிப்பன்."

எட்டு வருசம் காத்திருந்த பெண் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். எடுத்தால் பட்டம். ஆனால் குழல்கள் அத்தனையும் கெட்டுப்போகும்.

"ஒரு தம்ளர் தாங்கோ, போதும்."

"தம்ளர் யாழ்ப்பாணம் போய்ச் சேருமே?"

"வழியில வவுனியாவுக்கே போகாது, ஆவியாப் போயிடும். இங்கயே பாப்பம்."

மருந்து அறையின் சன்னலைச் சாத்தினார்கள். தம்ளரில் வில்லையை இறக்கிப் புகை அடங்கியதும், கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதாக்கடந்த விளக்கை ரீச்சர் பிடித்தார். மட்டைப் பெட்டியும் சீடித் துண்டும் கொண்டு தானே செய்த நிறமாலைக் கருவியில் கண்ணை வைத்தார். பச்சை பிரிந்திருந்தது. ஒரு மெல்லிய கோடு, பக்கத்தில் சம இடைவெளியில் மங்கலாக இன்னும் மூன்று கோடு.

"என்ன ரீச்சர் அது?" தானும் பார்த்துவிட்டுப் பாலசிங்கம் கேட்டார்.

"ஆடுற வள்ளத்தில இருந்து கரைக்குப் பாஞ்சா, உன்னின விசையில கொஞ்சத்தை வள்ளம் எடுத்துப்போடுமெல்லே? இலத்திரனும் பாயேக்க நடுக்கத்துக்குக் கொஞ்சம் குடுக்கும். மிச்சம்தான் வெளிச்சம். முதல் கோடு ஒண்டும் குடுக்காதது. அடுத்தது ஒரு பங்கு குடுத்தது, மற்றது ரெண்டு."

"அப்ப குளிரவைச்சாப் பிரியும் எண்டு நீங்கள் சொன்னது சரி."

"சரிதான். ஆனா கண்ணால கண்டதை ஆர் ஏற்பினம்? பதியிற கருவி யாழ்ப்பாணத்தில நிக்குது."

தம்ளர் வற்றிக்கொண்டிருந்தது. கோடுகள் திரும்பவும் ஒன்றுக்குள் ஒன்று கலந்தன. ரீச்சர் கதிரையில் விழுந்தமாதிரி உட்கார்ந்து, கண்டதைக் கொப்பித் தாளில் கீறினார். பாலசிங்கம் அதை வாங்கிப் பார்த்தார்.

"நானும் கண்டனான் எண்டு எழுதி, எங்கட கந்தோர் சீல் வைச்சுத் தாறன்."

மாட்டுக் கந்தோர் சீல்! ரீச்சருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. "வையுங்கோ" என்றார்.

வெள்ளிக்கிழமை பதிவு இரத்தானது. அலுமாரியில் இருந்த கண்ணாடிச் சட்டம் மட்டும் வெறுமையாக இல்லை. நாலு பச்சைக் கோடும் கால்நடைக் கந்தோர் முத்திரையும் உள்ள அந்தத் தாளை லோறன்ஸ் அதற்குள் போட்டு, யாரையும் கேட்காமல் சுவரில் மாட்டிவிட்டார்.