அக்காவின் இரண்டு குரல்கள்

மாரண்டஹள்ளியில் ஒரு கல்யாண வரவேற்பு. பந்தியில் சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்த ஆள் நடுவழியில் நின்றுவிட்டார். சோற்றில் குழி பறித்துக் காத்திருந்தவரும் அவரைக் கூப்பிடவில்லை. மேடையில் அக்கா பாடிக்கொண்டிருந்தார். மெதுவாகப் போகிற ஒரு பழைய படப்பாட்டு. யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தே அந்தப் பாட்டைச் சாப்பாட்டு நேரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருப்போம். அன்றைக்குக் கேட்டார்கள். அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்து ரிதம் பேடு வாசித்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பிள்ளைகளே, நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. கூடப்பிறந்த அக்கா அல்ல. எங்கள் மெல்லிசைக் குழுவில் எல்லோருக்கும் அவர் அக்காதான். இளவயதில் அவர் பாடினால், படத்தில் பாடிய அம்மாவைக் கேசட்டில் கேட்பது போலவே இருக்கும், மூச்சு விடும் இடம்கூட மாறாது. அதற்குத்தான் கைதட்டல் விழும். நாற்பதைத் தாண்டியதும் குரல் இறங்கிவிட்டது, மேலே எட்ட மறுத்தது. முதலில் பயந்துதான் போனார். பிறகு கீபோர்டு அண்ணனிடம் சொல்லி சுருதியை ஒரு கட்டை இறக்கி வாசிக்கச் சொன்னார். இறக்கிய பிறகுதான் பாட்டுக்குள் ஏதோ வந்து உட்கார்ந்தது. எந்தச் சொல்லை அழுத்துவது, எதைச் சும்மா விட்டுவிடுவது என்று அவருக்குப் பிடிபட ஆரம்பித்தது. வேனில் போகும்போது ஒரே வரியை விதவிதமாக முணுமுணுத்துப் பார்ப்பார். "இத்தன வருசம் அந்தம்மா பாட்டத்தான் பாடிக்கிட்டு இருந்தேன்டா தம்பி. இப்பத்தான் எம்பாட்டு வருது" என்று ஒருநாள் சொன்னார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்தக் காலத்தில்தான். மாரண்டஹள்ளியில் பந்தி நின்றதும் அப்போதுதான்.

எங்கள் முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சீசனில் எத்தனை மேடை பிடிக்கலாம் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பு இல்லை. ஒருநாள் லேப்டாப் வாங்கி வந்தார். பாட்டின் இசை முழுவதும் அதற்குள் டிராக்காக இருந்தது. "இது சோறு கேக்காது, பீடி கேக்காது, வேன்ல ஜன்னல் சீட்டுக்குச் சண்ட போடாது" என்று எங்கள் முன்னாலேயே சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அடுத்த மாதமே கீபோர்டு அண்ணன் ஓசூரில் ஒரு கம்பெனிக்குக் காவல் வேலைக்குப் போனார். தபேலாக்காரர் ஆட்டோ ஓட்டப் போனார். பேடில் கலர் விளக்கு எரியும், பார்க்க நன்றாக இருக்கும் என்பதால் என்னை மட்டும் வைத்துக்கொண்டார்.

அக்கா டிராக்கை ஒரு கட்டை இறக்கிப் போடச் சொன்னார். "எறக்குனா பாட்டு தூங்குதும்மா, சனம் எந்திரிச்சுப் போயிடுது" என்றார் முதலாளி. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நிகழ்ச்சி பிடிப்பதற்கு மாதிரி காட்ட வேண்டும் என்று, இளவயதில் அக்காவைச் சேலத்துக்குக் கூட்டிப்போய் நிறையப் பாட்டுகளைப் பதிவு செய்து வைத்திருந்தார். அந்தப் பழைய குரலை டிராக்கோடு சேர்த்தார். அக்காவின் மைக்கை மூடிவிட்டு வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்.

"உன் கொரலுதானம்மா, ஊரான் கொரலா?"

அக்கா வாயசைத்தார். நிகழ்ச்சி முடிந்ததும் ஆட்கள் வந்து, "அக்கா, அன்னிக்குக் கேட்ட கொரலு அப்பிடியே இருக்குதுங்க" என்பார்கள். அவர் கை கூப்புவார். வேனில் முணுமுணுப்பது நின்றுபோனது.

ஏரியூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் அவர் முதலாளியிடம் கேட்டுக்கொண்டார். "அண்ணா, ஒரே ஒரு பாட்டு. டிராக் வேணாம், தம்பி பேடு மட்டும் போதும். என் வாயால பாடறேனுங்க." சரி, ஆசைக்கு ஒன்று பாடிக்கொள் என்று விட்டார்.

அந்த மெதுவான பாட்டைத்தான் எடுத்தார். பல்லவி முடிவதற்குள் முன்வரிசைப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பின்னாலிருந்து ஒருத்தன், "ஏனுங்க, அக்காவுக்குச் சளியா?" என்று கத்தினான். சிரிப்பு பரவியது. விழாக் கமிட்டிக்காரர் முதலாளியின் காதில் ஏதோ சொன்னார். முதலாளி சவுண்டு மிக்சர் பார்ப்பவருக்குக் கண் காட்டினார். மைக்கும் என் பேடும் ஒன்றாக அடங்கின. ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து அதே பாட்டு, அவர் பாடிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே, இளவயதுக் குரலில், கொஞ்சம் வேகமாகக் கிளம்பியது. கூட்டம் விசிலடித்தது. அக்காவுக்குத் தொண்டை சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அக்கா நிறுத்தவில்லை. மூடின மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் குரலிலேயே, தன் நிதானத்திலேயே பாடிக்கொண்டு போனார். நானும் சத்தம் வராத பேடில் அவர் தாளத்துக்கே தட்டினேன். கீழே இருந்தவர்களுக்கு அவர் வாய் அசைவதுதான் தெரிந்தது. இரண்டடி தூரத்தில் இருந்த எனக்கு மட்டும் பாட்டுக் கேட்டது. அப்படி ஒரு பாட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. டிராக் முந்தி முடிந்துவிட்டது. அவருக்கு இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. கைதட்டலுக்குள்ளேயே அதையும் பாடி முடித்துவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகு அவர் மேடைக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் நானும் விட்டுவிட்டேன்.

போன மாதம் அரூர் மண்டபத்தில் நாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேடையில் ஒரு சின்னப்பெண் பாடியதும், "சூப்பரா பாடறாங்கப்பா" என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கும். அது எங்கள் பழைய முதலாளியின் குழு, நீங்கள் கேட்டது அக்காவின் பழைய குரல். அந்தப் பெண் வாயைத்தான் அசைத்தாள்.

அக்கா இப்போது பாலக்கோட்டில் ஒரு மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறார். போன வாரம் போய்ச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வாயசைக்கிறாளா?"

"அசைக்கிறாங்க்கா."

"என்ன வயசு இருக்கும்?"

"இருவது இருக்குங்க."

தக்காளியைக் கூடையில் போட்டார். "பாவம்டா தம்பி" என்றார். "அவளுக்குக் கொரலு எறங்கவே எறங்காது."